ஏஜென்ட் நான்கரை லட்சம் கேட்கிறார்: லாரி ஓட்ட வெளிநாடு போகலாமா, எந்த நாடு?

பரமத்தி லைன் எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பரமத்தி வேலூர் பக்கம். வயது 36. கிளீனராக ஏறி, செகண்ட் டிரைவராக ஓட்டி, ஹெவி லைசன்ஸ் எடுத்து 13 வருடம் ஆகிறது. இப்போது 14 வீல் வண்டி, வடநாட்டு லைன். சங்ககிரியில் லோடு ஏறினால் நாக்பூர், இந்தூர், ராய்ப்பூர். மாதத்தில் 22, 23 நாள் ரோட்டில்தான். பேட்டா எல்லாம் சேர்த்துக் கையில் நிற்பது 28 ஆயிரம். திரும்புகிற லோடு கிடைக்காமல் நான்கு நாள் எங்காவது கிடந்தால் அதுவும் குறையும். மூத்த பெண் ஒன்பதாவது, சின்னவள் ஐந்தாவது. வீட்டுக் கடன் ஆறு லட்சம் நிற்கிறது.

மூன்று வழி வந்திருக்கிறது.

சவுதிக்கு ஒருவர் 90 ஆயிரம் கேட்கிறார். ட்ரெய்லர், மாதம் 1,800 ரியால், ட்ரிப் காசு தனி. விசா தயாராக இருக்கிறது, பத்து நாளில் ஏறிவிடலாம் என்கிறார்.

போலந்துக்கு இன்னொருவர் நான்கரை லட்சம் கேட்கிறார். பாதி இப்போதே கட்ட வேண்டும், மீதி விசா வந்தபின். மாதம் ஒன்றரை லட்சம் கிடைக்குமாம்.

கனடாவுக்கு 18 லட்சம். அது நமக்கு எட்டாது, ஆனால் மச்சான் நிலத்தை வைக்கலாம் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. வெளிநாட்டில் நிஜமாகவே வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு எனக்குப் பயமில்லை, பேப்பர்தான் புரியவில்லை.

தம்மாம்காரன் எழுதியது

அண்ணா, நான் 11 வருடமாக சவுதியில் ட்ரெய்லர். சொந்த ஊர் பெரம்பலூர். உங்கள் மூன்று வழியில் சவுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

முதலில் பணம் கட்டாதீர்கள். விசா காப்பியைக் கேளுங்கள். அதில் வேலை என்ற இடத்தில் அரபியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லாரி டிரைவர் என்றால் "சாயிக் ஷாஹினா" என்று இருக்கும். "சாயிக் காஸ்" என்று இருந்தால் அது ஹவுஸ் டிரைவர் விசா. ஒரு வீட்டுக்காரருக்குக் கார் ஓட்ட வரவழைக்கிற விசா அது. அதை வைத்து உங்களை ட்ரெய்லரில் ஏற்றினால், பேப்பரில் நீங்கள் ஒருவர் வீட்டில் கார் ஓட்டுகிறீர்கள், ரோட்டில் இன்னொருவரின் 40 டன் வண்டி. பிடித்தால் தப்பு உங்கள் மேல்.

இதில் இன்னொன்று. 2021 மார்ச்சில் சவுதியில் ஒரு மாற்றம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம், ஊருக்குப் போய்வர விசாவை அப்ஷர் என்ற அரசு ஆப்பில் நாமே போட்டுக்கொள்ளலாம். அந்த மாற்றத்தில் ஹவுஸ் டிரைவர்கள் சேர்க்கப்படவில்லை, வீட்டு வேலை செய்கிறவர்களும் இல்லை. கம்பெனி விசாவில் வந்தவனுக்கு உள்ள கதவு சாயிக் காஸில் வந்தவனுக்கு மூடியிருக்கிறது. ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

அடுத்தது சம்பளம். 1,800 ரியாலில் அடிப்படை எவ்வளவு, சாப்பாட்டுக் காசு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்து வரும்போது கிடைக்கிற சர்வீஸ் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதம். பேப்பரில் 1,000 போட்டுவிட்டு மீதியை ட்ரிப் காசாகக் கையில் கொடுத்தால், பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அந்த 1,000தான் கணக்கு. நான் முதலில் இருந்த கம்பெனியில் எனக்கு இப்படித்தான் நடந்தது. நான்கு வருடத்துக்குக் கையில் வந்தது 2,000 ரியால்.

இகாமா, அதாவது அங்கே தங்குகிற அனுமதி அட்டை, அதன் கட்டணம், அதைப் புதுப்பிக்கிற செலவு எல்லாம் முதலாளி தலையில். தொழிலாளர் சட்டம் 40ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "இகாமாவுக்குச் சம்பளத்தில் மாதம் இவ்வளவு பிடிப்போம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடமே வேண்டாம்.

சங்ககிரி ஓனர் எழுதியது

என்னிடம் ஆறு வண்டி இருக்கிறது. இரண்டு டிரைவர் இல்லாமல் ஷெட்டில் நிற்கின்றன. எல்லாரும் துபாய், சவுதி என்று கிளம்பிவிட்டால் இங்கே யார் ஓட்டுவது? 90 ஆயிரத்தைக் கட்டிவிட்டு இரண்டு வருடம் பிள்ளைகள் முகம் பார்க்காமல் இருப்பதற்கு, இங்கேயே நல்ல ஓனரிடம் சேர்ந்தால் 35 வரை எடுக்கலாம். தம்பியின் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்மாம்காரன் எழுதியது

ஓனர் ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் 35 என்பது 26 நாள் ஓடினால்தானே? வண்டி எஃப்.சி.க்கு ஒரு மாதம் நின்றால் அந்த மாதம் டிரைவருக்கு என்ன கொடுப்பீர்கள்? விபத்தில் கால் போனால்? மாதச் சம்பளம் என்று ஒன்றை நிரந்தரமாக்கி, பி.எஃப். பிடித்து, வருடத்துக்கு 30 நாள் லீவ் கொடுத்தால் நாங்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறோம்?

சங்ககிரி ஓனர் எழுதியது

டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ் கட்டிவிட்டு எனக்கே மாதச் சம்பளம் இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். மறுக்கவில்லை.

மணப்பாறை 86 எழுதியது

போலந்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 2023இல் போனேன், 14 மாதம் இருந்தேன். நான் கட்டியது நான்கு லட்சம்.

போன அடுத்த வாரம் ஸ்டீயரிங்கைப் பிடிப்போம் என்று நினைத்துப் போனேன். முதல் ஆறு மாதம் குடோனில் பெட்டி தூக்கினேன். காரணம் யாரும் ஏமாற்றியது மட்டும் இல்லை, சட்டமே அப்படி. நம் ஊர் ஹெவி லைசன்ஸை வைத்து அங்கே லாரி வேலை செய்ய முடியாது. ஐரோப்பிய லைசன்ஸ் வாங்க அங்கே 185 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதில் சி பிளஸ் இ என்ற வகை வேண்டும், அதுதான் ட்ரெய்லருக்கு. அதற்கு மேல் கோட் 95 என்ற தொழில்முறைத் தகுதி. 140 மணி நேர வகுப்பும் பரீட்சையும், முழு கோர்ஸ் என்றால் 280 மணி நேரம். அப்புறம் ஓட்டுகிற நேரத்தைப் பதிகிற டேக்கோகிராஃப் கருவியில் செருகுகிற டிரைவர் கார்டு. இவ்வளவும் கையில் வந்தபிறகுதான் கம்பெனி சாவியைக் கொடுக்கும். ஏஜென்ட் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கோர்ஸ் காசும் என் தலையில் விழுந்தது.

ஓட்ட ஆரம்பித்தபின் ஒன்று சொல்வேன், அங்கே ஓட்டுவது நிம்மதி. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு. ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. டேக்கோ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கும். ஓனர் போன் செய்து "இன்னும் இருநூறு கிலோமீட்டர் அடிச்சு விட்றா" என்று சொல்ல முடியாது. முதல் முறை நான்கரை மணி நேரம் முடிந்து பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நம் லைனில் 18 மணி நேரம் கண் எரிய ஓட்டிய ஆள் நான். இருக்கையில் சும்மா உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில். வாரக் கடைசி 45 மணி நேர ஓய்வை வண்டிக்குள் எடுக்கக்கூடாது, கம்பெனி தங்க இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஒரு நாள்கூட யாரும் அறை கொடுத்ததில்லை. மூன்று மாதம் கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே தூங்கினேன். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக்கூடாது. சனி மதியமே பார்க்கிங் நிறைந்துவிடும். கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு. சம்பளம் என்று சொன்ன ஒன்றரை லட்சத்தில் பாதிக்கு மேல் தினப்படி. சக்கரம் உருளாத நாளுக்குத் தினப்படி கிடையாது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் 11 நாள் நின்றது, அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பியது 31 ஆயிரம்.

நான் போன அதே 2023இல் ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் என்ற ஹைவே பார்க்கிங்கில், ஒரு போலந்து கம்பெனிக்கு ஓட்டிய ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் சம்பள பாக்கிக்காக வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். ஏப்ரலில் ஒரு முறை, கோடையில் மறுபடியும். இரண்டாம் முறை உண்ணாவிரதம் வரை போனது, அதன் பிறகுதான் பணம் வந்தது. சட்டம் நன்றாக இருக்கிற இடத்திலும் சம்பளம் வாங்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அவர்களிடம் ஐம்பது, அறுபது வண்டி ஒரே இடத்தில் இருந்தது. தனியாகப் போகிற நமக்கு அதுவும் இருக்காது.

நான்கரை லட்சத்தில் பாதியை இப்போதே கட்டு என்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வேலை அனுமதியில் என்ன வேலை எழுதியிருக்கிறது? லைசன்ஸ் மாற்றுகிற செலவும் கோட் 95 செலவும் யாருடையது? பதில் எழுத்தில் வேண்டும்.

நெறியாளர் எழுதியது

இந்த இழையில் ஐந்து பேர் ஏஜென்ட் போன் நம்பர் போட்டிருந்தார்கள். நீக்கிவிட்டேன். நம்பர் போடாதீர்கள்.

புதுப்பையன் எழுதியது

அண்ணன்களே எனக்கு வயசு 19. டூவீலர் லைசன்ஸ் இருக்கு. நேரா ஹெவி எடுத்துட்டு துபாய் போலாமா?

தம்மாம்காரன் எழுதியது

தம்பி, டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 வயது ஆக வேண்டும். அதற்கு முன்னால் கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். முதலில் காரை எடு. இங்கேயே மூன்று, நான்கு வருடம் லோடு வண்டி ஓட்டு. துபாயில் நம் லைசன்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், அங்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். கை பழகாமல் போனால் ஒவ்வொரு முறை ஃபெயில் ஆகும்போதும் ஃபீஸ் கட்டியே ஓய்ந்துபோவாய்.

ஸ்காபரோ எழுதியது

தம்பிமாருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி. 1999இல் கனடா வந்தேன், 2008 முதல் ரக் (லாரி) ஓடுகிறேன். இப்போது ரொறன்ரோவிலிருந்து வினிபெக் வரைக்கும் போய் வருகிறேன்.

பரமத்தித் தம்பி, நிலத்தை வைக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். அந்த 18 லட்சம் எதற்கு என்று விளக்கமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஆள் எடுக்க ஒரு கம்பெனி அரசாங்கத்திடம் எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆளுக்கு 1,000 டொலர் கட்டணம், அதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். வேலைக்கு வருகிறவரிடம் அதை வாங்கக் கூடாது, அது சட்ட விரோதம். உங்களிடம் கேட்கிற 18 லட்சம் அந்தக் கடிதத்தை விற்கிற விலை. அதை வாங்கினால் நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி கிடைக்கும் என்று முன்பு ஆசை காட்டுவார்கள். 2025 மார்ச்சில் அந்தப் புள்ளியையும் எடுத்துவிட்டார்கள். இன்னமும் பழைய கதையைச் சொல்லி விற்கிறார்கள்.

வந்து இறங்கினாலும் உடனே ரக் கிடைக்காது. ஒன்ராறியோவில் முதலில் கார் லைசன்ஸ் முழுதாக எடுக்க வேண்டும், பிறகு ஏ வகுப்பு. 2017 ஜூலையிலிருந்து அதற்கு ஆகக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். எயார் பிரேக்குக்கு இசட் என்ற அனுமதி தனி. 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஒரு ரக்கும் ஹம்போல்ட் என்ற ஊர் ஹொக்கிப் பிள்ளைகள் போன பஸ்ஸும் மோதி 16 பேர் செத்துப்போனார்கள். நிறுத்தப் பலகையைக் கடந்து போன ரக் அது. ஓடியவர் வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர், இரண்டு கிழமை (வாரம்) பயிற்சியோடு தனியாக அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு வேறு பல மாகாணங்களும் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஆகவே பயிற்சியைக் காசு பிடுங்கும் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு பொறி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே "உன் பேரில் ஒரு கம்பெனி திற, சம்பளத்தை அந்தக் கம்பெனிக்குப் போடுகிறோம்" என்பார்கள். கையில் கூடக் காசு வருவது போலத் தெரியும். லீவுக் காசு இல்லை, வேலையில் காயப்பட்டால் இழப்பீடு இல்லை, வரிக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில்.

பனியைப் பற்றி ஒரு சொல். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கால் 17ஆம் நெடுஞ்சாலை போகிறது. வாவாவிலிருந்து மரதன் வரைக்கும் ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம், போன் சிக்னல் இல்லாத இடம் கனக்க. ஜனவரியில் ரோடு ஈரமாகத்தான் தெரியும், அது ஈரம் இல்லை, கண்ணாடி போல ஐஸ். எதிரே வருகிற வண்டியின் ரயரிலிருந்து தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்ப்பேன். தெறிப்பு நின்றுவிட்டதென்றால் தண்ணீர் உறைந்துவிட்டது, வேகத்தைக் குறைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

ராசிபுரம் எழுதியது

அமெரிக்கா யாராவது ட்ரை பண்ணினீர்களா?

ஸ்காபரோ எழுதியது

2025 ஆகஸ்டில் வெளிநாட்டு லொறி ஓட்டுநர்களுக்கு வேலை விசா கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்க வேலை விசா என்று காட்டிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

டிரைவர் வீட்டம்மா எழுதியது

நான் ஓட்டுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஏழு வருடம் வளைகுடாவில் ட்ரெய்லர் ஓட்டினார். இங்கே எல்லாரும் சம்பளத்தையும் லைசன்ஸையும் பேசுகிறீர்கள், வீட்டில் இருக்கிறவர்கள் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அவர் அதிகம் பேசுவது எல்லைச் செக்போஸ்ட்டில்தான். சவுதிக்கும் எமிரேட்சுக்கும் நடுவில் பத்ஹா என்று ஓர் எல்லை. வண்டிகள் வரிசையாக நிற்கும், சில சமயம் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள். இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். தூக்கம் வராமல் பேசுவார். கேஸ் அடுப்பில் ரசம் கொதிக்கிற சத்தம் கேட்கும். "வண்டி நாலு அடி நகர்ந்துச்சு, இரு" என்று போனை வைப்பார், திரும்பக் கூப்பிடுவார். பெரியவன் அப்பாவிடம் பேச வேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்த நாள்களும் உண்டு.

நான்காவது வருடம் ஒரு விபத்து. இருட்டில் ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற காரில் வண்டி இடித்து ஒருவர் இறந்துவிட்டார். அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு தியா என்று ஒரு தொகை கொடுக்க வேண்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அவர்கள் கட்டுவார்கள். கம்பெனி இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது. இவர் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். நான் நாமக்கல்லுக்கும் சென்னைக்கும் அலைந்தேன். மதத் என்று வெளியுறவுத் துறையின் இணையதளம் இருக்கிறது. அதில் புகாரைப் பதிந்து, நம்பரை வாங்கி, தூதரகத்துக்கு அதே நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பேசினேன். கடைசியில் கம்பெனிதான் கட்டியது. அந்த ஐந்து மாதமும் எனக்கு உதவியது அவர் புறப்படும்போது வீட்டில் விட்டுப்போன ஒரு ஃபைல். பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, ஒப்பந்தம், இகாமா காப்பி, கம்பெனி மேனேஜர் நம்பர். அது இல்லாவிட்டால் யாரிடம் என்ன சொல்லிப் பேசியிருப்பேன்?

தம்பி, நீங்கள் போனால் அந்த ஃபைலை உங்கள் மனைவி கையில் கொடுத்து, ஒவ்வொரு பேப்பரும் என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி எடுக்கிற ஒவ்வொரு நாளும் இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லச் சொன்னார். மாறுகிற வண்டி என்றால் மாறுகிற ஒவ்வொரு முறையும்.

பரமத்தி லைன் எழுதியது

அக்கா, படித்துவிட்டு என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். அவள் இன்றே ஒரு ஃபைல் வாங்கிவிட்டாள்.

சவுதி ஏஜென்ட்டிடம் விசா காப்பி கேட்டேன். மூன்று நாள் இழுத்தார். பிறகு வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு போட்டோ அனுப்பினார். எனக்கு அரபி தெரியாதே, எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் எடுத்துப்போய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "சாயிக் காஸ்" என்றார். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு "அங்கே போய் மாத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்கிறார்.

தம்மாம்காரன் எழுதியது

அண்ணா, மாற்றவே முடியாது என்று சொல்ல மாட்டேன், மாறினவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாற்றுவது அந்த வீட்டுக்காரர் கையில் இருக்கும், அதற்கு அவர் ஒரு விலை சொல்வார். வேண்டாம்.

இனி நேர் வழியைச் சொல்கிறேன். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பதால் சவுதி, குவைத், எமிரேட்ஸ், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக உங்களுக்கு அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைத்து விசிட் விசாவில் ஏறுகிறார்கள். தொல்லை இல்லை, அது உங்களுக்குக் காவல். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பாருங்கள். லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அங்கேயே தெரியும். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீது தர வேண்டும். 90 ஆயிரம் கேட்கும்போதே கதை தெரிந்துவிட்டது. போலந்துக்கு ஆள் அனுப்பவும் 1983 சட்டப்படி பதிவு வேண்டும், ஐரோப்பா என்பதால் விலக்கு இல்லை.

அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். அந்தச் சான்றிதழும் அக்கா சொன்ன ஃபைலுக்குள் போக வேண்டும்.

சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, 1978 முதல் நடக்கிறது. அவர்களே பதிவு பெற்ற ஏஜென்ட்தான். டிரைவர் வேலைக்கும் அவ்வப்போது அறிவிப்பு வரும். பெயரைப் பதிந்து வையுங்கள்.

வேலையை விடுவதற்கு முன்னால் மெடிக்கல் முடித்துவிடுங்கள். என்னோடு கிளம்பிய ஒருவருக்குச் சின்ன வயதில் டி.பி. வந்து எப்போதோ குணமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் அந்தத் தழும்பு தெரிந்தது, அன்ஃபிட் என்று போட்டுவிட்டார்கள். அவர் அதற்குள் இருந்த வேலையை விட்டு, மாட்டையும் விற்றிருந்தார்.

குவைத் பழையவன் எழுதியது

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த எல்லையைத் தாண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். 2004இல் குவைத் கம்பெனிக்கு ஓட்டிய இந்திய டிரைவர்கள் மூன்று பேரை ஈராக்கில் கடத்திக்கொண்டு போனார்கள். ஜூலையில் பிடித்தது, செப்டம்பர் 1ஆம் தேதிதான் விட்டார்கள். நான் அப்போது குவைத்தில் இருந்தேன். எங்கள் கேம்ப்பில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பிறகு எல்லை தாண்டும் வேலை என்றால் நான் கையெழுத்தே போடவில்லை.

பரமத்தி லைன் எழுதியது, 40 நாள் கழித்து

இந்த இழை மேலே வரட்டும் என்று எழுதுகிறேன். போலந்துக்காரரிடம் மணப்பாறை அண்ணன் சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். எழுத்தில் தர மாட்டேன் என்றார், விட்டுவிட்டேன். மச்சான் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்.

இ-மைக்ரேட்டில் பார்த்து, பதிவு உள்ள ஒருவர் மூலம் சவுதி கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்த மாதிரியைக் கொடுத்தார்கள். அடிப்படை 1,500 என்று தனியாக எழுதியிருக்கிறது, சாப்பாட்டுக்கு 300, ட்ரிப் காசு கிலோமீட்டர் கணக்கில். விசா வந்தால் சாயிக் ஷாஹினாதான் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். மெடிக்கல் ஃபிட்.

பிரச்சினை வேறு. 12 நாளில் சென்னையில் டிரேட் டெஸ்ட். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்து இரண்டு டிரம்முக்கு நடுவில் விட வேண்டுமாம். நான் ஓட்டியது எல்லாம் நீளமான ஒரே சேஸிஸ் வண்டி. ட்ரெய்லர் இரண்டு முறைதான் தொட்டிருக்கிறேன், அதுவும் நேராக.

தம்மாம்காரன் எழுதியது

ஒரே சேஸிஸில் பழகிய கை ட்ரெய்லரில் எதிராக வேலை செய்ய வேண்டும். பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வலது பக்கம். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெய்லரும் அந்தப் பக்கம் போகும். குழப்பம் குறையும். கொஞ்சமாகத் திருப்புங்கள், அதிகம் திருப்பினால் மடங்கிவிடும். மடங்குகிற மாதிரி தெரிந்தால் ரிவர்ஸிலேயே சரி செய்யப் போராடாதீர்கள், முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். டெஸ்டில் முன்னால் எடுப்பது தப்பில்லை, டிரம்மை இடிப்பதுதான் தப்பு.

சவுதியில் டிரைவர் சீட் இடது பக்கம். இப்போது வலது கண்ணாடியில் பின் டயரைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அங்கே இடது கண்ணாடிதான் உங்களுக்குப் பக்கம், வலதுபுறம் குருட்டுப் பக்கம். பழகும்போதே இரண்டு கண்ணாடியிலும் பழகுங்கள்.

பரமத்தி லைன் எழுதியது

பழக வண்டிதான் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் இங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

சங்ககிரி ஓனர் எழுதியது

தம்பி, ஷெட்டில் நிற்கிற இரண்டில் ஒன்று ட்ரெய்லர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்க. பின்னால் காலி இடம் இருக்கிறது. பழைய ஆயில் டிரம் நான்கு இருக்கிறது. டீசல் மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பரமத்தி லைன் எழுதியது, ஞாயிறு இரவு

போயிட்டு வந்தேன். காலை ஏழிலிருந்து மதியம் ஒன்றரை வரை. ஓனர் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டிலேயே சாப்பாடு. ஸ்டீயரிங் அடியைப் பிடிக்கிற வித்தை நன்றாக வேலை செய்கிறது. வலதுபுறம் கடைசி எட்டு முறையில் ஆறு முறை டிரம் தொடவில்லை. இடதுபுறம்தான் இன்னும் வரவில்லை, நான்கில் ஒன்றுதான் சரியாக விழுகிறது. புதன்கிழமை லோடு இல்லை, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

தம்மாம்காரன் எழுதியது

புதன்கிழமை இடதுபுறம் மட்டும் எடுங்கள் அண்ணா. வலதைத் தொடாதீர்கள்.